பத்தொன்பது பேர், பதினெட்டுத் தூக்குவாளி

போன மாசியில் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒரு கரும்புக் கொல்லையில் அறுவடை இயந்திரம் இறங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டு, விழுப்புரத்திலிருந்து காலை ஏழு இருபது பஸ்ஸைப் பிடித்துப் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் கரும்பை விழுங்கி இன்னொரு பக்கம் துண்டு துண்டாக டிரெய்லரில் கொட்டியது. மதியம் வரை வரப்பிலேயே நின்று, எத்தனை நிமிடத்தில் ஒரு சால், ஒரு வரிசைக் கரும்பு, முடிகிறது, வெட்டிய கட்டை தரையிலிருந்து எத்தனை விரல் உயரம் நிற்கிறது என்பதையெல்லாம் குறித்துக்கொண்டு திரும்பினேன். எங்கள் பழைய செட்டில், அதாவது வெட்டு ஆட்கள் கூட்டத்தில், இப்போதும் வெட்டிக்கொண்டிருக்கும் பெண்கள் அந்தக் குறிப்பை வாங்கிப் படித்துவிட்டு, "மெஷினப் பத்தி எழுதுறியே அக்கா, நீ வெட்டுனத எழுத மாட்டியா?" என்று கேட்டார்கள். கேட்ட அன்றே பெட்டியைத் திறந்து டைரிகளை வெளியே எடுத்து வைத்தேன். மொத்தம் இருபத்தேழு. வருடத்துக்கு ஒன்று. புரட்டப் புரட்ட, எதை விடுவது என்றுதான் தெரியவில்லை.

நான் திண்டிவனத்தில் பிறந்தவள். பத்தாவது வரை படித்தேன். திருவாமாத்தூர் அருகே ஒரு கிராமத்தில் கல்யாணம் செய்துகொடுத்தார்கள். அந்த வீட்டில் எல்லோரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. மழைக்காலத்தில் நடவு, களை. தை பிறந்தால் கரும்பு. சித்திரை வரை கரும்புதான். இருபத்து நான்கு வயதில் கத்தியைப் பிடித்தேன். ஐம்பத்தொன்றில் வலது மணிக்கட்டு இனி திரும்பாது என்று டாக்டர் சொன்னபோது கீழே வைத்தேன்.

வேலை பழகிய கதை பெரிதாக ஒன்றுமில்லை. முதல் வாரம் சோகை, அதாவது கரும்பின் நீள இலை, கிழித்துக் கை முழுக்கக் கீறல். இரண்டாவது வாரம் கீறல் ஆறி மறுபடியும் கீறல். மூன்றாவது வாரம் தோல் தடித்துப் போனது. அதற்குப் பிறகு சோகையைப் பற்றி டைரியில் ஒரு வரிகூட இல்லை.

வெட்டும் முறையைச் சொல்லிவிடுகிறேன். இடது கையால் கரும்பைப் பிடித்துச் சற்று நம் பக்கம் சாய்க்க வேண்டும். குனிந்து, மண்ணை ஒட்டிக் கத்தியைச் சாய்வாக விட வேண்டும். நல்ல கை என்றால் ஒரே வீச்சு, இல்லாவிட்டால் இரண்டு. நிமிரும்போதே கத்தியின் முதுகால் சோகையை வழித்து, மேலே கொழுந்தாடையைச் சீவி எறிந்து, கரும்பைப் பின்பக்கம் குறுக்காகப் போட வேண்டும். குனிந்து நிமிர்வது ஒரே மூச்சு. பத்துப் பேர் வரிசையாக ஒரே தாளத்தில் போகும்போது, முன்னால் நிற்கும் பச்சைச் சுவர் பின்வாங்கிக்கொண்டே போவதைப் பார்க்க வேண்டும். பசி தெரியாது, வெயில் தெரியாது. காலையில் உச்சி மட்டும் தெரிந்த பனைமரம் பதினொரு மணிக்குத் தூர் வரை தெரியும். அந்த இடம் வந்ததும் யாராவது ஒருத்தி சும்மாவே கூவுவாள். எல்லோரும் சேர்ந்து கூவுவோம்.

எங்கள் மேஸ்திரி தேவராசு. அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருப்பார். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்ததும் நிலத்துக்காரரைப் பார்த்து நாள் பேசி, செட்டைக் கூட்டிப் போய், டிராக்டரை வரவழைத்து, கடைசி லோடு போகும் வரை நின்று பார்ப்பது அவர் வேலை. அவர் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை, அந்த ஒரு நாளைத் தவிர. வெட்டு நடக்கும்போது எங்கள் பின்னால் நடந்து வருவார். செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். வெட்டிய கட்டைகளைக் கால் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வருவார். ஒரு கட்டை மண்ணுக்கு மேல் நின்றுவிட்டால் அதே இடத்தில் நின்றுவிடுவார். திட்ட மாட்டார், கூப்பிடவும் மாட்டார். சும்மா நிற்பார். பின்னால் காலடிச் சத்தம் நின்றுபோனது முதுகில் தெரியும். யாருடைய சால் என்று திரும்பிப் பார்த்து, அந்த ஆள் வந்து கட்டையை மறுபடி அடியோடு வெட்டிய பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைப்பார்.

"சக்கரை அடியிலதான் இருக்குது" என்பார். அவ்வளவுதான்.

என் முதல் சாலில் பதினொரு முறை நின்றார். ஆறாவது நாள் ஒரு முறைகூட நிற்கவில்லை. அன்று டைரியில் ஒரே வரிதான்: 'மேஸ்திரி நிற்கவில்லை.' கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

அவர் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். அது எங்கள் பக்கத்து வழக்கம்தான். அவரிடம் கொஞ்சம் கூடுதல். ஆண்களை அப்பன் பேரைச் சொல்லி "இன்னார் மகன்" என்பார். பெண்கள் எல்லோரும் பிறந்த ஊர்ப் பேரால்தான். மண்டகப்பட்டிலிருந்து வாழ வந்தவள் 'மண்டகப்பட்டு'. நான் 'திண்டிவனம்'. "திண்டிவனம், தண்ணி குடிச்சிட்டு வா." "மண்டகப்பட்டு, கட்டு லூசா இருக்குது பாரு." அவருடைய மனைவியும் எங்கள் வரிசையில்தான் வெட்டுவார். அந்த அம்மாவுக்கு ஊர்ப் பேர்கூடக் கிடையாது. "இந்தாமே" தான். நாங்கள் அவரை மேஸ்திரியம்மா என்போம். நான் செட்டில் சேர்ந்த முதல் நாளே எல்லோருடைய பேரையும் கேட்டு டைரியின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். மேஸ்திரியம்மா தன் பேரைச் சொல்லும்போது, யாரும் கேட்டுவிடப் போகிறார்களோ என்பதுபோல் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

எங்கள் செட்டில் என்னைத் திண்டிவனம் என்பதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. ஒரு முறை திருவாமாத்தூர்க் கொல்லையில், எதிரே அடுத்த கொல்லையில் இன்னொரு செட் வெட்டிக்கொண்டிருந்தது. வானம் கறுத்துவிட்டது. மழை விழுந்தால் லாரி சேற்றில் மாட்டிக்கொள்ளும். இரண்டு கொல்லைக்கும் பாதை ஒன்றுதான். யார் லோடு முதலில் ஏறுகிறதோ அந்த வண்டி மட்டும்தான் வெளியே போகும். அவர்கள் ஆள் இருபத்தாறு, நாங்கள் பதினெட்டு. மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தார், செருப்பை வரப்பில் விட்டுவிட்டுத் தானே ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு சாலில் இறங்கினார். பெண்கள் கட்டுக் கட்ட, ஆண்கள் லாரியில் சாத்திய பலகை ஏறி ஓடினார்கள். ஆமாம், பலகைமேல் தலையில் கட்டோடு ஓடினார்கள். நான்கு நாற்பதுக்குக் கடைசிக் கட்டு ஏறியது. நான்கு ஐம்பதுக்கு முதல் தூறல். எதிர் செட்டுக்காரி ஒருத்தி, "ஏ திண்டிவனம், உங்க ஆளுங்க இன்னா சாப்புட்டுக்கினு வந்தாங்க?" என்று கத்தினாள். "கேப்பக் கூழுதான். வேணும்னா நாளிக்கு வா, ஊத்துறேன்" என்றேன். நனைந்துகொண்டே சிரித்தபடி வீட்டுக்கு நடந்தோம்.

இனி அந்த வியாழக்கிழமை.

அதைச் சொல்வதற்கு முன், மேஸ்திரி ஆள் எண்ணும் விதத்தைச் சொல்ல வேண்டும். கரும்புக்குள் ஆள் நின்றால் தெரியாது. எட்டடி உயரம், உள்ளே இருட்டு. ஒருத்தர் தண்ணீருக்குப் போவார், ஒருத்தர் ஒதுங்கப் போவார், சுமை ஏற்றுகிறவர்கள் டிராக்டர் பக்கம் போய்விடுவார்கள். தலையை எண்ணினால் ஒவ்வொரு முறையும் ஒரு எண் வரும். அதனால் மேஸ்திரி சாப்பாட்டுத் தூக்குவாளியை எண்ணுவார். காலையில் வந்ததும் அவரவர் தூக்கை வரப்பில் ஒரே வரிசையாக வைக்க வேண்டும். சாயங்காலம் கிளம்பும்போது அவரவர் தூக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். வரப்பில் ஒரு தூக்கு தனியாக நின்றால் ஒரு ஆள் இன்னும் உள்ளே. ஒன்றும் நிற்கவில்லை என்றால் எல்லோரும் வெளியே. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து வந்தாலும் தூக்கு இரண்டுதான். ஏனென்றால் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். நான் பார்த்த வரைக்கும் அந்த எண்ணிக்கை ஒரு நாளும் பிசகியதில்லை.

அந்த வருடம் எங்கள் செட்டில் ஏழுமலை என்ற பையன்—இருபத்தைந்து வயது, சுமை ஏற்றுவதில் கெட்டிக்காரன்—கல்யாணம் செய்துகொண்டு பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தான். வந்த முதல் நாளே நான் பேர் கேட்டேன். "அஞ்சலாட்சி" என்று என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். டைரியின் முதல் பக்கத்தில், கடைசியில் இருந்த மேஸ்திரியம்மா பேருக்கு மேலே இடுக்கி எழுதிக்கொண்டேன். மற்றவர்கள் பேரைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் அவள் 'புதுப்பொண்ணு'. மேஸ்திரிக்கும் அதே.

அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே தூக்கு. மூன்று அடுக்கு. வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து அதிலேயே சாப்பிடுவார்கள். எங்கள் ஆட்களுக்குக் கேட்க வேண்டுமா?

"இன்னா புதுப்பொண்ணு, உங்க மாமியா வூட்ல பாத்திரப் பஞ்சமா?" என்பாள் மண்டகப்பட்டு.

"உட்றி, ஊட்டி வுடுறதுக்கு ரெண்டு தூக்கு எதுக்கு?" என்பார் மேஸ்திரியம்மா.

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மரத்தின் அந்தப் பக்கம் திரும்பி உட்காருவாள். ஏழுமலை மட்டும், "உங்களுக்கெல்லாம் வயித்தெரிச்சல்" என்று எங்களுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுச் சாப்பிடுவான். மேஸ்திரி இதையெல்லாம் பார்க்காதவர்போல் இருப்பார். தூக்கு ஒன்று குறைகிறது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் ஒன்று ஆகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பன்னிரண்டு நாள் அப்படியே போனது.

அது பெண்ணையாற்றுக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர்க் கொல்லை. சால்கள் தெற்கு வடக்காக ஓடின. தெற்கு முனையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தோம். மூன்றில் ஒரு பங்கு முடிந்திருந்தது. மேற்கே வண்டிப் பாதை. அதில் டிராக்டர், முக்கால் லோடு ஏறி நின்றது. கிழக்கே அடுத்தவர் நிலம். போன வாரமே வெட்டி முடித்து, காய்ந்த சோகை முழங்கால் உயரம் கிடந்தது. அன்று மதியம் அந்தச் சோகையைக் கொளுத்தினார்கள். கொளுத்தும்போது காற்று இல்லை. எங்கள் பக்கம் இரண்டு மணிக்கு மேல் கிழக்கிலிருந்து கடல் காற்று ஏறும். அன்று ஒன்றே முக்காலுக்கே ஏறிவிட்டது.

முதலில் கேட்டது சத்தம்தான். பட்டாசுக் கட்டைப் பிரித்துப் போட்டதுபோல் படபடவென்று. கரும்பு வெடிக்கும் சத்தம் அது. நிமிர்ந்து பார்த்தால் கிழக்கு வரப்பில் கரும்புக்கு மேலே இன்னொரு கரும்பு உயரத்துக்குத் தீ நின்றது. "ஓடுங்க, பாதைக்கு ஓடுங்க" என்று மேஸ்திரி சொன்னார். கத்தியோடு ஓடினோம். ஓடுகிற ஓட்டத்தில் அவரவர் தூக்கை எடுத்துக்கொண்டோம். அது பழக்கம், கை தானாக எடுத்தது. டிராக்டரில் இருப்பதெல்லாம் காய்ந்த சோகையால் கட்டிய கரும்புக் கட்டு, ஒரு பொறி விழுந்தால் போதும். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். சுமை ஏற்றுகிற எட்டு ஆண்களும் தொற்றிக்கொண்டார்கள். வண்டி பாதையில் இருநூறு அடிக்கு அப்பால் போய் நின்றது.

மேஸ்திரி வரப்பைப் பார்த்தார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. ஒரு தூக்குகூட இல்லை.

"தூக்கு ஒண்ணும் நிக்கல. எல்லாரும் வந்தாச்சு" என்றார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் பெண்களைப் பார்த்தேன். காலையில் டைரியில் எழுதும்போது பெண்கள் பதினொன்று என்று எழுதியிருந்தேன். பாதையில் என்னையும் சேர்த்துப் பத்துப் பேர் நின்றோம். இரண்டாம் முறை எண்ணினேன். பத்து.

"மேஸ்திரி, புதுப்பொண்ணு இல்ல."

"தூக்கு எல்லாம் எடுத்தாச்சேம்மா."

"அவளுக்கு ஏது தூக்கு? ரெண்டு பேருக்கும் ஒண்ணு. அது ஏழுமல கையில வண்டியில போயிடுச்சி."

மண்டகப்பட்டு தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒதுங்கப் போறேன்னு சொன்னா. இப்பதான். நானு உள்ள தள்ளிப் போடி, ஆம்பளைங்க இருக்காங்கன்னு சொன்னேன்."

மற்ற ஒன்பது பெண்களும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினார்கள். ஆளுக்கொரு பக்கம் ஓடி, "ஏ புதுப்பொண்ணு", "ஏழுமல பொண்டாட்டி", "ஏமே, எங்கமே கீற" என்று வெவ்வேறு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்த ஏழுமலை வடமேற்கு மூலையில் நின்று, "இந்தாமே, இந்தாமே" என்று அடித்தொண்டையில் கத்தினான். பதில் இல்லை. உள்ளேயிருந்து கேட்டால் அது எப்படிக் கேட்கும் என்று எனக்குச் சட்டென்று உறைத்தது. கரும்புக்குள் நின்றால் திசை கிடையாது. சத்தம்தான் திசை. நாங்கள் நான்கு பக்கமும் திசையாக நின்றுகொண்டிருந்தோம்.

"எல்லாரும் வாய மூடுங்க. ஒரே எடத்திலேர்ந்து ஒரே கொரல் போனாத்தான் அவ வருவா" என்றேன். நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் கையை உயர்த்தினார். அந்தக் கைக்கு அவ்வளவு மரியாதை இருந்தது. ஏழுமலைகூட நிறுத்தினான்.

மேஸ்திரி வெட்டிய முனைக்கு ஓடினார். சால்கள் வந்து திறக்கும் தெற்குப் பக்கம். நாங்களும் பின்னால் ஓடினோம். அவர் மூச்சை இழுத்து வாயைத் திறந்தார். அப்படியே நின்றார். திரும்பி எங்களைப் பார்த்தார்.

"அது பேரு இன்னா?"

பேர் தெரிந்த ஏழுமலை இன்னும் வடமேற்கு மூலையிலேயே நின்றான். மற்றவர்கள் யாருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு நாள் பக்கத்தில் நின்று வெட்டியிருக்கிறோம், கேலி பேசியிருக்கிறோம். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"அஞ்சலாட்சி" என்றேன்.

அந்த மனிதரிடமிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நான் நினைத்ததில்லை. "அஞ்சலாட்சீ" என்று அவர் கூப்பிட்டது தீயின் சத்தத்தையும் தாண்டிப் போனது. நிறுத்தினார். கேட்டார். மறுபடி கூப்பிட்டார். நான்காவது முறை, உள்ளே எங்கேயோ கிழக்குப் பக்கமாக, பூனைக்குட்டி கத்தியதுபோல் ஒரு சத்தம்.

"இருக்கேன்."

மேஸ்திரி அந்தச் சத்தத்துக்கு நேராக நகர்ந்தார். ஒரு சால், இரண்டு சால், ஐந்து சால். தீ அவருக்கு எதிரே முப்பது அடியில் இருந்தது. "அஞ்சலாட்சி, கால்கிட்ட சால் தெரியுதா? அதப் புடிச்சிக்கினு என் கொரலுக்கு வா. குறுக்கால வராத. தலைய மண்ணுல வெச்சிக்கினு வா." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் பேர். பேர் இல்லாமல் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

மேஸ்திரியம்மா குடத்துத் தண்ணீரைத் தன் தலையிலும் என் தலையிலும் ஊற்றினார். இரண்டு பேரும் அந்தச் சாலில் புகுந்தோம். சாய்ந்த கரும்பை நான் வெட்டித் தள்ள, அவர் இழுத்துப் போட, குனிந்தபடியே போனோம். இருபது அடி போயிருப்போம். புகைக்குள் முதலில் தெரிந்தது ஒரு கை. வளையல் போட்ட கை, மண்ணைப் பிறாண்டிக்கொண்டு வந்தது. நான் ஒரு கையையும் மேஸ்திரியம்மா ஒரு கையையும் பிடித்தோம். இழுத்துக்கொண்டு வெளியே விழுந்தபோது, நாங்கள் வந்த சாலின் தலையில் தீ பற்றியது. முதல் சத்தம் கேட்டதிலிருந்து அதுவரை ஒன்பது நிமிடம் என்று மேஸ்திரி பிறகு சொன்னார். அதற்கிடையில் எப்போது கடிகாரத்தைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது.

இடது முழங்கையில் கொப்புளம், புருவமும் முன்னந்தலை முடியும் கருகல். அவ்வளவோடு போயிற்று. இருமி முடித்து, தண்ணீர் குடித்து, மூச்சு வந்த பிறகு, "கூப்புட்டது காதுல வுழலியா புள்ள?" என்று மண்டகப்பட்டு அழுதுகொண்டே கேட்டாள்.

"வுழுந்துச்சு. நாலு பக்கமும் ஆம்பள கொரலு, பொம்பள கொரலு, எல்லாம் கலந்து இந்தாமே இந்தாமேன்னுதான் கேட்டுச்சு. யாரோ யாரையோ கூப்புடுறாங்கன்னு இருந்தேன். ஆம்பள சத்தம் கேட்ட பக்கம் வர வெக்கமா இருந்துச்சு, இன்னும் உள்ள போயிட்டேன். அப்புறம் புகை வந்துச்சு. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல. எம் பேரச் சொன்ன பெறகுதான் என்னியத்தான் தேடுறாங்கன்னு தெரிஞ்சிச்சு."

ஏழுமலை தூக்குவாளியைப் பிடித்தபடியே நின்றான். அதைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. மேஸ்திரியம்மா அதைப் பிடுங்கிப் பாதையில் வைத்தார். "நாளிலேர்ந்து ரெண்டு தூக்கு கொண்டாங்க. ஒண்ணுல தின்ன லட்சணம் போதும்."

எல்லோரும் சிரித்தோம். நிறுத்த முடியாத சிரிப்பு. அஞ்சலாட்சியும் இருமலுக்கு நடுவில் சிரித்தாள்.

தீ மேற்குப் பாதை வரை வந்து, எரிய ஒன்றும் இல்லாமல் நின்றது. மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. கக்கத்தில் இருந்த செருப்பு எங்கோ போய்விட்டது. வெறுங்காலோடு வரப்பில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"எண்ணிக்கை சரியாத்தான் இருந்துச்சு, திண்டிவனம்" என்றார். "பதினெட்டு இருக்கணும், பதினெட்டும் போயிருந்துச்சு. நானு சரியாத்தான் எண்ணுனேன்." பிறகு, "நீ மட்டும் இல்லன்னா சரியா எண்ணிட்டு வூட்டுக்குப் போயிருப்பேன்" என்றார்.

வரப்போரம் அவர் செருப்பைத் தேடத் தொடங்கினேன்.

தீப்பட்ட கரும்பைப் போட்டு வைக்க முடியாது. சீக்கிரம் வெட்டி ஆலைக்கு அனுப்பாவிட்டால் சாறு கெட்டுவிடும். நிலத்துக்காரரின் ஒரு வருடம் போய்விடும். ஆலையில் பேசி அவசர வெட்டு உத்தரவு வாங்கினார்கள். மறுநாள் விடிந்ததும் ஆறு மணிக்கு எல்லோரும் அதே கொல்லையில் நின்றோம். கரும்பு கன்னங்கரேல் என்று நின்றது. தொட்டால் கரி. இன்னும் அரை மணி நேரத்தில் நாங்களும் அதே நிறத்துக்கு வந்துவிடுவோம் என்று தெரிந்தும், அன்று எல்லோருக்கும் ஒரு துடிப்பு இருந்தது. கத்தியைத் தீட்டிக்கொண்டு, எப்போது இறங்கச் சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

மேஸ்திரி இறங்கச் சொல்லவில்லை. வரப்பில் தூக்குகள் வரிசையாக இருந்தன. அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. என்னிடம் வந்து கையை நீட்டினார்.

"அந்த நோட்டக் குடு."

முதல் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். தூரமாகப் பிடித்து, விரலை வைத்துக்கொண்டு, "ச, ரோ, சா" என்றார்.

அது என் பேர் என்று ஒரு நிமிடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. "இருக்கேன் மேஸ்திரி" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது. பின்னால் ஒருத்தி, "திண்டிவனத்துக்குப் பேரு சரோசாவாடி?" என்றாள். அதற்குள் அடுத்த பேர் வந்துவிட்டது. மண்டகப்பட்டு என்கிற வள்ளியம்மை, பேர் காதில் விழுந்ததும் புடவையைச் சரிசெய்துகொண்டு பதில் சொன்னாள். ஒவ்வொருத்தரும் தங்கள் முறை வரும் வரை, பரிசு கொடுக்கப் போகிறார்கள் என்பதுபோல் நின்றார்கள். ஆண்களும் அப்பன் பேர் இல்லாமல் தங்கள் பேரைக் கேட்டுக் கொஞ்சம் நெளிந்தார்கள்.

"அஞ்சலாட்சி" என்று படித்தார்.

"வூட்ல இருக்குது மேஸ்திரி. நாளிக்கு வர்றேன்னு சொல்லிச்சு" என்றான் ஏழுமலை.

"அப்ப பதினெட்டு" என்று சொல்லிவிட்டு விரலைக் கீழே இறக்கினார். விரல் நின்றது. கட்டை உயரமாக இருந்தால் கால் நிற்குமே, அப்படி நின்றது.

எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, மிச்சம் யார் என்று. மேஸ்திரியம்மா கத்தியின் பிடியில் ஏதோ அழுக்கு இருப்பதுபோல் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேல். அந்தப் பேர் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. மண்டகப்பட்டு என் கையைக் கிள்ளினாள். சூரியன் கிழக்கு வரப்புக்கு மேல் வந்துவிட்டது. நிலத்துக்காரர் பாதையிலிருந்து, "ஜல்தி ஆவட்டும் மேஸ்திரி" என்றார். மேஸ்திரி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நோட்டைத் தாழ்த்திக்கொண்டார்.

"பூங்காவனம்" என்றார்.

அந்த அம்மா நிமிரவில்லை. கத்தியை ஒரு முறை திருப்பிப் பார்த்தார்.

"காதுல சரியா வுழல" என்றார். "இன்னொரு வாட்டி சொல்லுங்க."